கதவு பூட்டியிருந்ததா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மனிதக் கடத்தலை ஒழிக்க நாடு தழுவிய முயற்சி நடக்கிறது என்கிறார்களே, அதில் உண்மையில் என்ன இருக்கிறது, இத்தனை சட்டம் இருந்தும் தண்டனை வாங்கியவர் பெயர் ஏன் காதில் விழுவதே இல்லை என்பது ஒன்று. உங்கள் அக்கா மகனுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அவசரம். டிக்கெட் போட்டாகிவிட்டது என்றால் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் வழக்கறிஞர். வட தமிழ்நாட்டில் செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரிகளிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்காகப் பல வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் தங்கத்தையும் கடத்துகிறார்கள், மணலையும் கடத்துகிறார்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாலும் கடத்தல் என்றுதான் சொல்கிறோம். ஆகவே மனிதக் கடத்தல் என்றதும் நம் மனதில் வேனும் முகமூடியும் கைக்குட்டையில் மயக்க மருந்தும் வந்து நிற்கின்றன. சட்டம் சொல்வது வேறு. ஐ.நா. 2000-இல் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறை இதை மூன்று துண்டாகப் பிரிக்கிறது. ஆளைச் சேர்ப்பது, கூட்டிப்போவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகியவை செயல். மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது ஆகியவை வழி. அவரைச் சுரண்டுவது நோக்கம். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் நடுவில் இருக்கும் ‘வழி’யை நிரூபிக்கவே வேண்டாம். இந்தியா இந்த நெறிமுறையை 2011-இல் ஏற்று உறுதி செய்தது. வேன் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? எல்லை தாண்ட வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து ஊர் மேஸ்திரி, தெரிந்த முகம், டீ வாங்கிக் கொடுத்து, கையில் முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிப்போனாலும் அது இந்த வரையறைக்குள் வரலாம். நான் பார்த்த வழக்குகளில் முக்கால்வாசி அப்படித்தான் தொடங்கின.

ஒரு விசாரணையைச் சொல்கிறேன். இடம் ஒரு கோட்டாட்சியர் அலுவலகம், நேரம் மாலை நான்கு மணி. அன்று காலையில் ஒரு சூளையிலிருந்து கூட்டிவந்த குடும்பங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தன. அதிகாரி கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குப் பன்னும் பாலும் வாங்கிவரச் சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார். முதலில் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும்.

“கதவைப் பூட்டி வச்சிருந்தாங்களா?”

“இல்லீங்கய்யா.”

“அடிச்சாங்களா?”

“இல்லீங்க.”

“கூலி குடுத்தாங்களா?”

“வாரத்துக்கு முன்னூறு குடுப்பாங்க, அரிசி வாங்க.”

“அப்புறம் என்ன? பிடிக்கலைன்னா கிளம்பி வந்திருக்கலாமே?”

அவர் தரையைப் பார்த்தார். “அட்வான்ஸ் இருக்குங்களே” என்றார்.

அதிகாரியின் பேனா “சுய விருப்பத்தின் பேரில்” என்று எழுதத் தொடங்கிவிட்டது. நான் குறுக்கே போய், வேறு ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். சரி என்றார். “இந்த மூணு வருசத்துல ஊர்ல ஏதும் நல்லது கெட்டதுக்குப் போனீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“மாமியார் செத்தப்ப போனேன்.”

“வீட்ல எல்லாரும் போனீங்களா?”

“இல்ல. சம்சாரத்தையும் பிள்ளைங்களையும் விட்டுட்டுப் போகச் சொன்னாங்க. நான் மட்டும் போயிட்டு மறுநாளே வந்துட்டேன்.”

செத்தது அவருடைய மனைவியின் அம்மா. மகளால் போக முடியவில்லை. பேனா நின்றது. அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். பூட்டே இல்லாத அந்த இடத்தில் பூட்டு எங்கே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது.

நாட்டளவிலான முயற்சியைப் பற்றிக் கேட்டால் இவர் ஏதோ ஒரு மாலை நேரக் கதை சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். அந்த முயற்சி முழுவதும் கடைசியில் வந்து நிற்பது இப்படி ஒரு மேசையில்தான். டெல்லியில் போடும் சட்டம் அந்தப் பேனாவின் வழியாகத்தான் ஆளிடம் வந்து சேர வேண்டும்.

சட்டத்துக்குக் குறையே இல்லை. அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் நேரடியாகத் தடை செய்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைப் பார்த்துப் பேசுபவை. இது தனியாரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும், சூளை முதலாளி உட்பட. 1956-இல் பாலியல் தொழிலுக்காக ஆள் கடத்துவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். அதற்கு முந்தைய வருடம் அக்டோபர் 25-ஆம் தேதி அவசரச் சட்டமாக வந்தபோதே கொத்தடிமை முறை ஒழிந்துவிட்டதாகச் சட்டம் சொல்கிறது. அதன் 6-ஆவது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அதைத் திருப்பித் தரும் பொறுப்பு அற்றுப்போகிறது, அவ்வளவுதான். பாதி தரலாம், தவணையில் தரலாம் என்றெல்லாம் கிடையாது. 15-ஆவது பிரிவு அடுத்த படிக்குப் போகிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். “ஆதாரம் வச்சிருக்கியா?” என்று தொழிலாளியைக் கேட்கும் அதிகாரிகளுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுவது என் தொழிலின் நிரந்தர வேலை.

உச்ச நீதிமன்றமும் தன் பங்குக்குத் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1982-இல், டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கிக்கொண்டு வேலை செய்பவர் கட்டாய உழைப்பில்தான் இருக்கிறார் என்றது. யாரும் சாட்டையோடு நிற்க வேண்டாம், பசியே கட்டாயம்தான் என்பது அதன் சாரம். 1983-இல் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக, கொத்தடிமைகளின் விடுதலைக்குப் போராடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், ஒருவர் கட்டாயமாக வேலை வாங்கப்படுகிறார் என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி பகவதி. அந்த மாலை நேரத்து அதிகாரி கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நாற்பது வருடத்துக்கு முன்பே பதில் எழுதியாகிவிட்டது.

அப்புறம் 2013. டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடூரத்துக்குப் பிறகு அமைந்த வர்மா குழுவின் பரிந்துரையை ஒட்டி, தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவை முழுதாக மாற்றி எழுதினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 143-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல். ஒருவரைக் கடத்தினால் குறைந்தது 7 வருடம். ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றாலோ, குழந்தை என்றாலோ, குறைந்தது 10 வருடம், ஆயுள்வரை போகலாம். போலீஸ்காரரோ அரசு ஊழியரோ இதில் கூட்டு என்றால் இயற்கையாகச் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று பிரிவே சொல்கிறது. அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுரண்டல் என்றால் என்ன என்ற விளக்கத்தில் பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், உறுப்பு எடுத்தல் எல்லாம் இருக்கின்றன. புதுச் சட்டத்தில் பிச்சை எடுக்கவைப்பதையும் சேர்த்தார்கள். ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் மட்டும் வரவில்லை. ‘உடல்ரீதியான சுரண்டல்’, ‘அடிமைத்தனத்தை ஒத்த நடைமுறை’ ஆகியவற்றுக்குள் அதை நாங்கள்தான் வாதாடி நுழைக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் செயல்படுத்தும் அமைப்பு என்று பார்த்தால், மத்திய உள்துறை 2006-இல் இதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. மாநிலங்களில் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுகள் வந்தன. எல்லா மாவட்டங்களிலும் அவற்றை அமைக்கவும் வலுப்படுத்தவும் பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2019-இல் தேசியப் புலனாய்வு முகமைக்கும் இந்தக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் வந்தது. மாநிலம் தாண்டிய, நாடு தாண்டிய வலைப்பின்னல்களுக்கு அது நல்லதுதான். ஆனால் மாவட்டப் பிரிவுகளைப் பொறுத்தவரை நான் பார்த்ததைச் சொல்கிறேன். போர்டு இருக்கும், ஆள் இருக்க மாட்டார். திருவிழா வந்தால் பந்தோபஸ்து, தேர்தல் வந்தால் பந்தோபஸ்து, தலைவர் வந்தால் பந்தோபஸ்து. ஒருவர் இந்தச் சட்டங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்தில் இடமாற்ற உத்தரவு வந்துவிடும்.

எண்ணிக்கையைப் பாருங்கள், விஷயம் விளங்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாடு முழுக்கப் பதிவான மனிதக் கடத்தல் வழக்குகள் 2,250. நாட்டில் எழுநூற்று ஐம்பதுக்கும் மேல் மாவட்டங்கள். மாவட்டத்துக்கு வருடம் மூன்று வழக்குகூட வரவில்லை. இன்னொரு பக்கம், மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2016-இல் 2030-க்குள் 1.84 கோடி கொத்தடிமைத் தொழிலாளர்களை மீட்டு மறுவாழ்வு தருவதாக இலக்கு வைத்தது. கோடியில் இலக்கு, ஆயிரத்தில் வழக்கு. நடுவில் இருப்பவர்கள் எங்கே போனார்கள்?

பெரும்பாலும் வேறு பெயரில் போனார்கள். காணாமல் போன பெண் என்று ஒரு வழக்கு. வேலை வாங்கித் தருவதாக மோசடி என்று ஒரு வழக்கு. கூலித் தகராறு என்று தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மனு. சூளை விஷயத்தில் 1976-ஆம் வருடச் சட்டத்தை மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். அதில் அதிகபட்சத் தண்டனை 3 வருடம், அபராதம் 2,000 ரூபாய். அது 1976-இல் வைத்த 2,000. இன்றைக்கு ஒரு முதலாளிக்கு அது ஒரு லோடு மண்ணின் விலைகூட இல்லை. அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமும் வருவாய்த்துறை நிர்வாக நடுவருக்குத் தரப்பட்டிருக்கிறது. பட்டா, வெள்ளம், சாதிச் சான்றிதழ், ரேஷன் என்று நூறு வேலைக்கு நடுவில் அவர் நீதிபதியாகவும் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் கடத்தல் பிரிவும் இருந்தால் வழக்கு செஷன்ஸ் நீதிமன்றம் போகும், தண்டனையின் எடையே மாறும். பாதிக்கப்பட்டவர் இருளர் போன்ற பழங்குடி என்றாலோ பட்டியல் சாதி என்றாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். அதில் கொத்தடிமையாக வேலை வாங்குவது தனிக் குற்றமாகவே இருக்கிறது. இவ்வளவும் முதல் நாள் இரவு ஒரு எழுத்தர் எந்தப் பிரிவுகளை எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.

அதே முதல் நாளில் முடிவாகும் இன்னொரு விஷயம் விடுதலைச் சான்றிதழ். மீட்பு, விடுதலை இரண்டும் ஒன்று என்று செய்தித்தாள் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது மீட்பு. இவர் கொத்தடிமையாக இருந்தார், இவருடைய கடன் ரத்தாகிவிட்டது என்று அரசு கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் விடுதலை. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மறுவாழ்வு நிதி இல்லை. உடனடி உதவியான 30,000 ரூபாயும் இல்லை. அதற்குப் பிறகு, ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் கொடுமை போன்ற மிகக் கடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. இதில்தான் பெரிய முடிச்சு. உடனடித் தொகை போக மீதியைக் குற்ற நிரூபணத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். வழக்கு முடியாவிட்டாலும், முதல் பார்வைக்கு ஆதாரம் இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் கருதினால் கோரிக்கையை நிறுத்திவைக்கக் கூடாது என்று விதிவிலக்கு உண்டு. ஆனால் கடைசிப் பணம் கைக்கு வருவது வழக்கின் போக்கைப் பொறுத்தே. வழக்கு நடத்துவது அரசு. சாட்சிக்கு வராத போலீஸ் அரசு ஊழியர். தாமதத்துக்கு வட்டி கட்டுவது மட்டும் தொழிலாளி. இதை யோசித்தவர் யார் என்று எனக்கு நிஜமாகவே கேட்கத் தோன்றும்.

நடுவில் மேஸ்திரி சும்மா இருப்பாரா? மீட்கப்பட்ட குடும்பம் ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் பைக் வந்து நிற்கும். “அட்வான்ஸ யார் குடுக்கறது? எங்கிட்டதான கேக்கறாங்க” என்பார். கடன் ரத்து என்று சட்டம் சொல்வது மேஸ்திரிக்கும் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது. மழைக்காலம், வேலை இல்லை, ரேஷன் கார்டு பழைய முகவரியில். அடுத்த சீசனுக்கு அதே குடும்பம் வேறு மாவட்டத்துச் சூளையில் இருக்கும். இரண்டாவது தடவை மீட்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைத் தடுக்க மாவட்டம்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும், அதில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்றும் 1976-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. கூடிப் பேசுகிற குழுக்களும் உண்டு, பதிவேட்டில் மட்டும் கூடுகிற குழுக்களும் உண்டு.

வழக்கு தோற்பதற்குத் தூரமும் ஒரு காரணம். ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்தவரை இங்கே மீட்டு ரயிலேற்றி அனுப்புகிறோம். சம்மன் நான்கு வருடம் கழித்துப் போகிறது. அவர் அப்போது தெலங்கானாவில் வேறு சூளையில் இருப்பார். அப்படியே வந்தாலும் ஒடியாவில் பேசுவதை மொழிபெயர்க்க ஆள் கிடையாது. சாட்சி வரவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை, கோப்பு மூடல். காணொலி வழியாக அவருடைய சொந்த மாவட்டத்திலிருந்தே சாட்சி சொல்லலாம். மாநிலம் தாண்டிக் கடத்தப்பட்ட குழந்தைகள் விஷயத்தில் இதற்கான நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2022-இல் ஏற்று உத்தரவிட்டது, புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் காணொலிக்கு இடம் தருகிறது. வசதி இருக்கிறது, கேட்டு வாங்கத்தான் வேண்டும். கேட்காத அரசு வழக்கறிஞர்களே அதிகம்.

பாலியல் தொழிலுக்காக நடக்கும் கடத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியில் தெரிவது அதுதான், ரெய்டு படங்களும் அங்கேதான். 1956-ஆம் வருடச் சட்டப்படி சோதனைக்குப் போகும்போது இரண்டு பெண் போலீசாராவது உடன் இருக்க வேண்டும், அந்தப் பகுதியைச் சேர்ந்த சாட்சிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் மீட்ட பிறகு வயதுவந்த பெண்ணைப் பாதுகாப்பு இல்லத்தில் வருடக்கணக்கில் வைத்திருக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஏமாற்றி விற்கப்பட்டவளுக்கும் பூட்டு, தன் முடிவில் தொழிலில் இருப்பவளுக்கும் அதே பூட்டு. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்டதில் தொடங்கிய வழக்கில், விருப்பத்தோடு தொழிலில் இருக்கும் வயதுவந்தவர்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, அவர்களை விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மீட்பு என்ற பெயரில் இன்னொரு காவல் வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். சூளையில் பூட்டு இல்லாததால் கொத்தடிமை இல்லை என்கிறார்கள், இல்லத்தில் பூட்டுப் போட்டுவிட்டு மறுவாழ்வு என்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் வழக்குப் பதிய வேண்டும், அது கடத்தல் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வரும் அழைப்பும், ரயில் நிலையங்களில் ரயில்வே பாதுகாப்புப் படை வைக்கும் கண்ணும் நிஜமாகவே பலரைக் காப்பாற்றுகின்றன. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை முறுக்குப் போட மகாராஷ்டிரத்துக்குக் கூட்டிப்போன காலம் நினைவிருக்கிறதா? அங்கேயும் தொடக்கம் அப்பா வாங்கிய முன்பணம்தான்.

தனியாக ஒரு முழுமையான சட்டம் வரும் என்ற பேச்சும் உண்டு. 2018 ஜூலையில் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவைக்கு வருவதற்குள் மக்களவைக் காலம் முடிந்து அது காலாவதியானது. 2021-இல் புது வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், புதுச் சட்டத்தைவிட அந்த மாலை நான்கு மணிக்கே விடுதலைச் சான்றிதழும், சரியான பிரிவுகளோடு முதல் தகவல் அறிக்கையும், பாதிக்கப்பட்டவரின் மொழி தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும் என்பேன்.

இப்போது உங்கள் அக்கா மகன் விஷயம்.

சந்தேகப்படுங்கள். நன்றாகவே சந்தேகப்படுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் பேசத் தெரிந்த பட்டதாரிப் பையன்கள்தான் இன்றைக்கு இந்த வியாபாரத்துக்கு வேண்டிய சரக்கு. டேட்டா என்ட்ரி, கால் சென்டர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி பாங்காக்குக்கு விமானம் ஏற்றுவார்கள். இறங்கியதும் அலுவலகம் பக்கத்தில்தான் என்று காரில் கூட்டிக்கொண்டு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடமேற்கே ஓட்டுவார்கள். அங்கே மே சோட் என்று எல்லை ஊர். அதை ஒட்டி மோய் ஆறு. அதற்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவடி. ஆற்றைத் தாண்டிவிட்டால் சட்டப்படி அவன் திருட்டுத்தனமாக இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தவன். அங்கே கதவு நிஜமாகவே பூட்டியிருக்கும், துப்பாக்கியோடு காவலும் இருக்கும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, போலிக் காதல், போலி முதலீடு என்று உலகம் முழுக்க ஆட்களை ஏமாற்றச் சொல்வார்கள். தினசரி இலக்கு உண்டு, எட்டாவிட்டால் அடி. வெளியே வர வேண்டுமென்றால், உன்னை வாங்கிய விலையைக் கட்டு என்பார்கள். மறுபடியும் அட்வான்ஸ் கதைதான், டாலரில். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கதை. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானங்களில் 283 பேரும் 266 பேருமாக 549 பேரை அரசு அழைத்து வந்தது. திரும்பி வருபவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகப் பார்ப்பதா, மோசடிக் குற்றவாளிகளாகப் பார்ப்பதா என்பதில் நம் சட்டத்தில் இன்னும் தெளிவான பாதுகாப்பு இல்லை. “சம்மதித்துத்தானே போனான்” என்று அங்கேயும் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்.

அதனால் இன்றைக்கே இவற்றைப் பாருங்கள். ஏஜெண்டின் பெயரையும் உரிம எண்ணையும் வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்யாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு செய்தவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. “எனக்கு லைசென்ஸ் வேண்டாம், நான் சப்-ஏஜெண்ட்” என்றால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். விசா என்ன என்று கேளுங்கள். சுற்றுலாவாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். வேலை எந்த ஊரில் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள். பதில் பாங்காக்கில் தொடங்கி எல்லைப் பக்கம் நகர்ந்தால் விஷயம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. கேட்பதற்குக் காசு கிடையாது.

ஏற்கெனவே கிளம்பிவிட்டான் என்றால், பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கும் உங்கள் மாவட்டக் காவல்துறைக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் கொடுங்கள். பாஸ்போர்ட் நகல், விமான எண், கடைசியாகப் பேசிய இடம் மூன்றும் அதில் இருக்கட்டும். அவசரம் என்றால் 112. ஏஜெண்ட் மேல் புகார் கொடுக்கும்போது வெறும் மோசடி என்று எழுதவிடாதீர்கள், 143-ஆவது பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் கிளம்பவில்லை என்றால் இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். ஏஜெண்டுக்குப் பணம் போட்ட ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸாப் குரல் பதிவுகள், வேலைக்கடிதம் என்று அவர் கொடுத்த அந்த ஒற்றைத் தாள் எல்லாவற்றையும் பையனிடமிருந்து உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் முதலில் பறிபோவது பாஸ்போர்ட், அடுத்தது போன்.